புறப்பாடு ரத்து

ஆறே முக்காலுக்குக் கவுண்டரைத் திறந்தேன்.
மைத்திண்டு வறண்டிருந்தது. இரண்டு சொட்டு விட்டு
தேதிச் சக்கரத்தை நகத்தால் ஒரு பல் தள்ளினேன்.
பதினாறு, பதினேழாயிற்று.
நாகப்பட்டினம் துறைமுகத்தில்
நாள் இப்படித்தான் பிறக்கிறது.

காங்கேசன்துறைக்கு நாற்பத்திரண்டு பேர்.
நாகூர் ஜெய்லானி மரைக்காயர், சேலை மூட்டைகளோடு,
வழக்கம்போலச் சொன்னார்:
"புதுப் பக்கத்துல குத்தாதீங்க சார், இடம் தீந்துபோவுது."
பழைய முத்திரைகளின் தோளில் இடித்துக்கொண்டு
மூலையில் ஒன்றை இறக்கினேன்.
அடுத்து வந்த பையன்
ஊசி போட்டுக்கொள்பவன்போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

அமலோற்பவம், வயது அறுபத்தொன்று, ஊர் பருத்தித்துறை.
வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்து வந்தவர்.
விசா இன்றோடு முடிகிறது.
"இண்டைக்குத்தானே போறன்" என்றார்.
டக்.
போய்விட்டார்.
மஞ்சள் கோட்டைத் தாண்டி, கண்ணாடிக்கு அப்பால்
நீல நாற்காலியில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

ஒன்பதே காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது.
ஆடி முதல் நாளே காற்று.
கப்பல் இல்லை.

இனி என்ன செய்வது?
நாற்பத்திரண்டு பேர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார்கள்.
கம்ப்யூட்டர் சொல்கிறது, முத்திரை சொல்கிறது.
இருபதடியில் இருமிக்கொண்டும்
கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று திட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.
வெளி கேட்டில் ஜெய்லானியின் மகன்
பரோட்டாப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டுகிறான்.
போனவருக்குப் பொட்டலம் கொடுக்க விதியில்லை.

ஜன்னலுக்கு வெளியே கடுவையாறு.
முகத்துவாரம்வரை போன தண்ணீரை
ஓதம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து
ரத்து முத்திரையை எடுத்துத் தூசி ஊதினேன்.
நாற்பத்தோரு பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டேன்.
மரைக்காயர் மட்டும் முனகினார்:
"போகாததுக்கும் ஒரு இடம் போச்சா?"

நாற்பத்திரண்டாவது பாஸ்போர்ட்டில் கை நின்றது.
ரத்து செய்தால், நள்ளிரவு தாண்டியதும் குற்றவாளி.
செய்யாவிட்டால், ஏற்கெனவே போய்விட்டவர்;
போனவர் கேட்டைத் தாண்டி இட்லி தின்னப் போக முடியாது.

"தம்பி, நான் இப்ப எங்கை நிக்கிறன்?
சொல்லுங்கோ."

சென்னைக்கு அடித்தேன். வீணை வாசித்தார்கள்.
பிறகு ஒரு குரல்:
"உங்க லெவல்லயே பாத்துக்குங்க. ஆனா எழுத்துல இருக்கட்டும்."

ரத்து செய்தேன். அதன் கீழே கையால் எழுதினேன்:
"கப்பல் செல்லவில்லை. இவர் செல்லத் தயாராக இருந்தார்."
இரண்டாவது வாக்கியத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.
கையெழுத்துப் போட்டேன்; பதவியையும் எழுதினேன்.
மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அவர் இரண்டு முறை வாசித்தார்.
"எழுத்து வடிவாக் கிடக்கு."

சாயங்காலம் விரலில் ஊதா மையோடு
தலைஞாயிற்றுக்குப் பேசினேன்.
மேட்டூரில் திறந்து முப்பத்தைந்து நாள்.
"தண்ணி வந்துதாப்பா?"
"கடைமடைக்கு வந்துட்டதா ஆபீஸ்ல எழுதியாச்சாம்."
"நம்ம வாய்க்கால்ல?"
"அதான் சொல்றேனே, எழுதியாச்சாம்."
நாற்றங்காலில் மோட்டார் ஓடும் சத்தம் போனில் கேட்டது.

மறுநாள் நான் வருமுன்பே
அமலோற்பவம் வந்து நின்றிருந்தார்.
எங்கே தங்கினார் என்று கேட்கவில்லை;
முந்தானையில் மெழுகுவர்த்தி வாசம்.
பாஸ்போர்ட்டை விரித்து நீட்டினார். எதுவும் விழாத வெள்ளைப் பக்கம்.
"இதிலை குத்துங்கோ. நடுவிலை."

சக்கரத்தைப் பதினெட்டுக்குத் தள்ளினேன்.
மையில் ஒற்றி எடுத்தேன்.
வெளியே கொடிக்கம்பத்தின் கயிறு
இன்னும் இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது.
முத்திரையைக் கையில் பிடித்தபடி
நானும் அவரும்
வயர்லெஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தோம்.